ஐந்நூற்று நாற்பது பக்கமும் ஒரு பக்கமும்

ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம்தான், அதுவும் நாலு மணிக்குள், இப்போது ஒன்றே முக்கால், சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை, திறந்தால் கத்திரிக்காய்க் கூட்டும் ரசஞ்சோறுமாக அரை மணி நேரம் போய்விடும், திறக்காவிட்டால் மூன்று மணிக்குத் தலை கிறுகிறுக்கும், ஐம்பத்திரண்டு வயதில் பசியைக்கூட யோசித்துத்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. சரி, கதைச்சுருக்கத்தின் முதல் வரி. 'மங்கை என்ற இளம்பெண் மஞ்சள் காமாலை முற்றிய நிலையில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறாள்.' நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால் தப்பில்லாமல் இருக்கிறது. இதைச் சொல்ல நாவலில் எனக்கு முப்பத்தெட்டுப் பக்கம் பிடித்தது. மங்கையை வாடகைக் காரிலிருந்து இறக்கியது, ஒரு செருப்பு காரிலேயே தங்கிவிட்டது, அக்காவைவிட அந்தச் செருப்பைப் பற்றியே தங்கைக்காரி நினைத்துக்கொண்டு நின்றது, லிஃப்ட் வேலை செய்யாமல் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போனது, வார்டு வாசலில் 'துணைக்கு ஒருவர் மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த பலகை, அதுதான் பிறகு நாவலுக்கே தலைப்பாயிற்று. இப்போது முப்பத்தெட்டுப் பக்கமும் ஒரு வரிக்குள் போய்விட்டது, எனக்கு வலிக்கவும் இல்லை. அப்படியென்றால் அத்தனை பக்கம் எதற்காக எழுதினாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். யாரும் கேட்க மாட்டார்கள், டில்லியில் இருக்கிற அந்த ஏஜெண்ட் அம்மாவுக்கு ஒரு பக்கம் போதும்.

ஏஜெண்ட் என்றால் எனக்குத் தெரிந்தது இன்சூரன்ஸ் ஏஜெண்டும் கேஸ் ஏஜெண்டும்தான். கதைக்கு ஏஜெண்ட் உண்டு, அவர்தான் அதை எடுத்துக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாகப் போவார், அவரைப் பிடிப்பதே பெரிய பாடு என்று ஆவுடை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே எழுதி முடித்தால் கட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பதிப்பாளர் மேஜையில் வைப்போம், அவர் எடை பார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்ப்பார், பெருசா இருக்கேம்மா என்பார், புத்தகக் கண்காட்சிக்குள் முந்நூறு பிரதி வந்துவிடும். பின்னட்டைக் குறிப்பைக்கூட நான் எழுதவில்லை, தெரிந்த பேராசிரியர் ஒருவர் எழுதினார், 'மனித உறவுகளின் ஆழங்களை' என்று தொடங்கி எந்த நாவலுக்கும் பொருந்துகிற மாதிரி முடித்திருந்தார். யாரும் என்னிடம் கதை என்ன என்று கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டிக்கொண்டிருப்பேன். ஆவுடை என் அக்கா கோமதியின் மகள். ஆவுடைச்செல்வி என்று பெயர், பெங்களூரில் கம்பெனிக்காரர்களுக்கு அவள் செல்வி, எனக்கு ஆவுடைதான். இரண்டு வயதில் என் இடுப்பில் ஏறினவள், இப்போது முப்பத்தொன்று. மூன்று வருடமாக வேலைக்கு நடுவில் உட்கார்ந்து என் நாவல் முழுவதையும் இங்கிலீஷில் மாற்றி வைத்திருக்கிறாள். காலையில் நான் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது போன் செய்தாள். "சித்தி, அந்தம்மாவுக்கு முதல் மூணு அத்தியாயம் பிடிச்சுப்போச்சாம். கதைச்சுருக்கம் கேக்குறாங்க, இன்னைக்கு ஆறு மணிக்குள்ள. நீ நாலு மணிக்குத் தமிழ்ல அனுப்பு, நான் மாத்திருதேன்" என்றாள். "நீயே எழுதிரேன், உனக்குத்தான் வரிவரியாத் தெரியும்ல" என்றேன். "எழுதுனவதான் எழுதணுமாம். பின்னட்டை மாதிரி எழுதிராத சித்தி. முடிவு என்னன்னு ஒளிக்கக் கூடாது. யாரு என்ன செஞ்சா, அதுனால என்ன ஆச்சு. அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும்" என்றாள்.

யாரு என்ன செஞ்சா. இரண்டாவது வரி, 'துணைக்கு அவளுடைய தங்கை பதினோரு நாள் தங்குகிறாள்.' இதுவும் சரி. மூன்றாவது வரி, 'மங்கையின் கணவன் முருகையா ஊருக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைகிறான்.' சரிதான். நாலாவது, 'பதினோராம் நாள் பிழைப்பது கடினம் என்று டாக்டர்கள் சொல்ல, உயிர் வீட்டில் போகட்டும் என்று தகப்பனார் முடிவு செய்கிறார்.' அதன் பிறகு ஐந்தாவது வரி வர வேண்டும், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நாங்களாகவே அழைத்துப்போகிறோம் என்கிற தாளில் யாரோ கையெழுத்துப் போட வேண்டும். நாவலில் போடுவது முருகையா, முப்பத்தொன்றாம் அத்தியாயம், இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கு முன்னால் இருபது பக்கம் மழை பெய்கிறது, பின்னால் பதினைந்து பக்கம் வேனில் போகிறார்கள். இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அந்தக் கையெழுத்துக் காட்சியை அம்மா எவ்வளவு அடக்கமாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்றார். அடக்கம்தான். என்னத்தை அடக்கினேன் என்று அவருக்குத் தெரியாது. ஐந்நூற்று நாற்பது பக்கமும் அந்த இரண்டு வரியை யாரும் குனிந்து பார்க்காமல் இருப்பதற்காகத்தான் எழுதினேனோ என்று இப்போது தோன்றுகிறது, மழையையும் வேனையும் எடுத்துவிட்டால் நின்று ஒளிய எனக்கு ஒரு மறைவும் இல்லை. 'முருகையா கையெழுத்திடுகிறான்.' எழுத வேண்டியது இந்த இரண்டு வார்த்தைதான், நாவலில் இருப்பதுதான், ஏற்கெனவே அச்சில் வந்த பொய், இன்னொரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும். கை வரமாட்டேன் என்கிறது.

கனகவேல் அத்தான் கையெழுத்துப் போடவில்லை, அவர்தான் நாவலில் முருகையா. அன்றைக்கு மத்தியானம் அவர் பெரிய டாக்டரைப் பார்க்க மாடியில் காத்துக்கிடந்தார், இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பாருங்கய்யா என்று கெஞ்சப் போயிருந்தார். கீழே அப்பா என் கையில் தாளைக் கொடுத்தார். கடம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம், வெளியூரில் உயிர் போனால் ஊருக்குள் கொண்டுவர விட மாட்டார்கள், சுடுகாட்டுக்கு நேரே போக வேண்டியதுதான், அப்பாவுக்கு அந்தப் பயம். "நீ போடு தாயி, நீதான கூடவே இருக்க, உன்ட்டதான் நர்சம்மா கேக்காக" என்றார். போட்டேன். உறவு என்கிற இடத்தில் தங்கை என்று எழுதினேன். வேனில் கோமதி ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து, "வீட்டுக்கா வல்லி?" என்றாள், "ஆமாக்கா, சரியாயிருச்சு" என்றேன், சாத்தூர் தாண்டி மூச்சு நின்றுவிட்டது, நின்றது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும், அதற்குப் பிறகும் ஊர் எல்லை தாண்டி வீட்டுவாசல் வருகிற வரைக்கும் குளுக்கோஸ் பாட்டிலை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். இதெல்லாம் நாவலில் இருக்கிறது, பாட்டில்கூட இருக்கிறது, பாராட்டினார்கள். கையெழுத்து மட்டும் இடம் மாறிவிட்டது. அதை முதலில் மாற்றியதும் நான் இல்லை, அப்பா. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்களிடம், மாப்ள பொறுமையில்லாமக் கையெழுத்துப் போட்டுட்டாரு என்றார். அத்தான் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நான் பிள்ளைக்குப் பால் கலக்குகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று இருபத்தொன்பது வருடமாக யோசிக்கிறேன், சொன்னால் பிள்ளையை வளர்க்கப்போகிறவள் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்திருப்பாரோ, அப்படி நினைத்திருந்தால் அதைவிடக் கொடுமை எனக்கு வேறில்லை.

"வல்லியக்கா, பதினாலாம் பெட்டு ரெடியா? அவுக ஆட்டோவ நிப்பாட்டி வச்சிட்டு நிக்காக." ஜெபராணி கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள், இந்த ரெக்கார்டு ரூமில் எனக்கு அடுத்த மேஜைக்காரி. இரண்டு இருபது. கம்ப்யூட்டரில் நாவல் சுருக்கத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பதினாலாம் பெட்டைத் திறந்தேன். இதுதான் என் வேலை, இருபத்து நாலு வருடமாக டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுதுகிறேன், மூன்று விரல் தடிமனுக்குக் கேஸ் ஷீட் வரும், ஒரு பக்கத்தில் முடித்துக் கொடுப்பேன். எதற்காக வந்தார், என்ன கண்டுபிடித்தோம், என்ன செய்தோம், போகும்போது எப்படி இருந்தார். நாலே கேள்வி. இதற்கெல்லாம் என் இங்கிலீஷ் போதும், அதற்குக் காய்ச்சலும் வாந்தியும் வயிற்றுவலியும் நன்றாகத் தெரியும், வெட்கம் மட்டும் தெரியாது, அதனால்தான் ஆவுடையை நம்பியிருக்கிறேன். புது டாக்டர்கள் என்னிடம் வந்து, எப்படி மேடம் இவ்வளவு சுருக்கமா, என்பார்கள். இந்த அறைக்கு ஒரே ஒரு விதி, ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது, ஷீட்டில் என்ன இருக்கிறதோ அதை எழுது. டாக்டர் வந்து வாயால் சொன்னாலும் ஷீட்டில் ஏற்றாமல் எழுத மாட்டேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. பதினாலாம் பெட்டு குடல்வால் ஆபரேஷன், பத்தொன்பது வயதுப் பையன், தையல் சுத்தமாக இருக்கிறது, நலமுடன் வீடு திரும்புகிறார், ஏழு நிமிடம். ஜெபராணி தாளை வாங்கிக்கொண்டு, "சாப்பிடலியாக்கா, மொகமே சரியில்ல" என்றாள். "ஒண்ணுமில்ல, ஒரு சுருக்கம் எழுதணும்" என்றேன். "நீங்க எழுதாத சுருக்கமா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஏன் நான் இதை அதே மாதிரி எழுதக் கூடாது. யோசிக்கவே வேண்டாம், நாலு கேள்வி, கை தானாக ஓடும். மங்கை, வயது இருபத்தாறு. எதற்காக வந்தாள், மஞ்சள் காமாலை, மயக்கம், குழறல். உடன் இருந்தது தங்கை. என்ன செய்தோம், குளுக்கோஸ், ஊசி, இரண்டு தடவை ரத்தம் ஏற்றியது. கை ஓடியது, நன்றாகவே ஓடியது, ஆறாம் நாள் கொஞ்சம் தெளிந்து மகளைக் கேட்டது, எட்டாம் நாள் திரும்ப மயங்கியது, கணவன் டாக்டரிடம் மன்றாடியது, எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, நானே வியந்துபோனேன். எவ்வளவு லேசு, இதற்கா காலையிலிருந்து கை ஓடாமல் கால் ஓடாமல் கிடந்தேன். பதினோராம் நாள் டாக்டர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்லப்பட்டாள். கையெழுத்திட்டவர் தங்கை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன், வேன், சாத்தூர், பாட்டில் என்று பாதி அடித்த பிறகுதான் உறைத்தது. கையெழுத்திட்டவர் தங்கை. கை நாவலைப் பார்த்து எழுதவில்லை, ஷீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறது. இருபத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஷீட், எந்த ஊர்க் குடோனில் கரையான் அரித்துப் போயிருக்குமோ, என் கைக்கு மட்டும் அது மனப்பாடம். உடனே அழித்தேன். அழித்த இடத்தில் கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது.

மணி மூன்றேகால். 'குடும்பத்தார் அழைத்துச் செல்கிறார்கள்.' இப்படிப் பூசி மெழுகிவிட்டால் என்ன. குடும்பத்தார் என்றால் எந்தக் கையால் பேனா பிடிப்பார்கள் என்று டில்லி அம்மா கேட்பாள், அவள் கேட்காவிட்டாலும் ஆவுடை கேட்பாள், சித்தி இதுதான முக்கியமான எடம், இங்க போயி மழுப்புறியே என்பாள். அவளுக்கு அதுதான் முக்கியமான இடம். ஐந்து வயதிலேயே தாத்தா அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார், ஒங்கப்பன்தான் கையெழுத்துப் போட்டான் என்று. அத்தான் சாத்தூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, வருடா வருடம் பங்குனிப் பொங்கலுக்குப் பாவாடை சட்டை எடுத்துக்கொண்டு வருவார், இவள் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள், நான் போய் வாங்கி வைப்பேன், அத்தான் காபி குடித்துவிட்டு என்னிடம் படிப்பெல்லாம் எப்படி என்று கேட்டுவிட்டுப் போவார். அவள் பத்தாவது படிக்கும்போது வருவதை நிறுத்திவிட்டார். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தை மொழிபெயர்த்த அன்றைக்கு ஆவுடை போனில் அழுதாள். "இவ்வளவு நாளும் அந்த மனுசன்மேல கோவப்படுறது தப்போன்னு சில நேரம் தோணும் சித்தி. நீ எழுதுனதப் பாத்தப்புறந்தான் மனசு கெட்டிப்பட்டுச்சு" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன், சாப்பிட்டியா, நேரத்துக்குப் படு, என்றேன். கதைதானே எழுதினேன், கதையில் யாரும் கையெழுத்துப் போடலாம் என்று எனக்கு நானே எத்தனை சப்பைக்கட்டு கட்டினாலும், அந்தக் கதையைப் படித்து ஒரு மகள் தகப்பனை ஒதுக்குகிறாள் என்றால் அது கதையாகவா இருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும். ஞாயிற்றுக்கிழமை போன் நிற்கும். தீபாவளிக்கு வரமாட்டாள். எனக்கென்று கல்யாணமா காட்சியா, அவள் ஒருத்திதான், அவள் வரப்போகிறாள் என்றால்தான் நான் இரண்டு காய் வைக்கிறேன். நாவலும் நின்றுபோகும், இங்கிலீஷும் டில்லியும் ஏஜெண்டும் கிடக்கட்டும், ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே இருக்கிறது, ஆனால் அது போனால் அழுதுவிட்டு இருந்துவிடுவேன், இவள் போனால் இருக்க மாட்டேன். அதைவிட இன்னொன்று. ஏன் போட்டாய் என்று கேட்பாள். அப்பா சொன்னார், ஊர் வழக்கம், டாக்டர் கைவிட்டார் என்று எதையும் சொல்லலாம், எல்லாம் உண்மையும்கூட. ஆனால் எனக்குத் தெரியும். எனக்குத் தூக்கம் வந்தது. இருபத்து மூன்று வயது, பதினோரு நாள் கட்டிலுக்கு அடியில் நியூஸ் பேப்பரை விரித்து, கொசுக்கடியில், அக்கா முனகும்போதெல்லாம் எழுந்து, ஒரு முழு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, கையெழுத்துப் போட்டால் இன்றைக்கு வீட்டில் பாயில் படுக்கலாம் என்றுதான் தோன்றியது. அக்கா சாவாள் என்றுகூட நினைக்கவில்லை, அவளைப் பற்றியே நினைக்கவில்லை. ஐந்நூற்று நாற்பது பக்கத்தில் எங்கேயும் இந்த ஒரு வரி இல்லை. தங்கைக்காரி கண் விழித்து விழித்துச் சேவை செய்கிறாள், எல்லாரும் அவளைத்தான் புகழ்கிறார்கள்.

மூன்று நாற்பத்தைந்து. 'முருகையா' என்று அடித்தேன், அத்தான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தது வந்தது, அழித்தேன். 'குடும்பத்தார்' என்று அடித்தேன், அழித்தேன். 'தங்கை' என்று அடித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அப்படியே இருந்தது. அனுப்பினால் அவள் இதை வார்த்தை வார்த்தையாக இங்கிலீஷில் மாற்றியாக வேண்டும், மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போக முடியாது, அவளிடம் எனக்கு இதைச் சொல்ல வேறு வழி எந்தக் காலத்திலும் வரப்போவதும் இல்லை, நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அது எனக்கு நன்றாகவே தெரியும். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். அனுப்பிய மறு நொடி திரும்ப எடுத்துவிடலாமா என்று விரல் போனது, இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. டப்பாவைத் திறந்தேன், ரசஞ்சோறு இறுகிப்போயிருந்தது, மூடிவிட்டேன்.

நாலு பத்துக்கு அழைத்தாள். "சித்தி, சுருக்கம் நல்லாருக்கு, நான் பயந்தேன், நீ நீட்டி முழக்குவன்னு" என்றாள், பின்னால் யாரோ கம்பெனியில் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஒரே ஒரு எடத்துல மட்டும் மாறியிருக்கு. தங்கச்சி கையெழுத்துப் போடுறாள்னு எழுதிருக்க. நாவல்ல முருகையால்ல போடுறாரு. அவசரத்துல அடிச்சிட்டியா?" அவசரம் என்கிற வார்த்தையை அவளே எடுத்து என் கையில் வைத்தாள், ஆமா என்று சொன்னால் போதும், அவளே திருத்திக்கொள்வாள், ஆறு மணிக்குள் டில்லிக்குப் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "இல்ல" என்றேன். "இல்லைன்னா? எத மாத்த, சுருக்கத்தையா நாவலையா?" என்றாள். "நாவல மாத்து" என்றேன். சிரிப்புச் சத்தம் தள்ளிப்போயிற்று, அவள் எழுந்து எங்கோ நடக்கிறாள் என்று தெரிந்தது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "தாத்தா சொன்னது?" என்றாள். "தாத்தா பொய் சொன்னாரு. நான் வாய மூடிட்டு இருந்துட்டேன்." "நீ ஏன் போட்ட?" அப்பா, ஊர், டாக்டர் எல்லாரும் என் வாய் வரைக்கும் வந்து நின்றார்கள். "எனக்குத் தூக்கம் வந்துச்சு ஆவுடை" என்றேன். வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை, வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூக்கை உறிஞ்சினாள். பிறகு, அலுவலகத்தில் யாரிடமோ பேசுகிற குரலில், "சாத்தூர் நம்பர் உன்ட்ட இருக்கா?" என்றாள். "இருக்கு" என்றேன். "சொல்லு" என்றாள். அத்தான் நம்பரைச் சொன்னேன், நடுவில் ஓர் எண் தப்பிப்போய், மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு, வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.